மூன்றாவது தடவை கூப்பிட்டால்

நியூ டவுன் மாலில் பனி உலகம் திறந்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போகலாம் என்று நம் குரூப்பில் முதலில் எழுதியது யார் என்று எனக்கு நினைவில்லை. யாராயிருந்தாலும் அவள் தலையில் ஒரு குட்டு வைக்கவேண்டும். நீங்கள் ஆறு பேரும் வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி உள்ளே போய்விட்டீர்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து வெள்ளைப் புகை தரையோடு தரையாக வந்து என் காலைத் தொட்டது. இரண்டு தடவை பொறுத்தேன். மூன்றாவது தடவை எதிர்க்கடைக்குப் போய் ஒரு கசப்புக் காபியை வாங்கி வைத்துக்கொண்டு நீங்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"முட்டி வலின்னு சாக்கு சொல்றா", "பயந்தாங்கொள்ளி" என்றெல்லாம் அன்று சாயங்காலம் குரூப்பில் எழுதியிருந்தீர்கள். என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்பது உண்மை. அறுபது தாண்டியவர்களிடம் இதை ஒப்புக்கொள்ள எனக்கென்ன வெட்கம். ஆனால் எதைக் கண்டு பயம் என்று என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. பேசச் சொன்னால் எனக்கு வராது. எழுதினால் எழுதிவிடலாம் போலிருக்கிறது.

கொல்கத்தாவில் அந்தக் கரியாஹாட் பக்கத்து வீட்டில் நாங்கள் கீழே, காகுவும் காகிமாவும் மேலே குடியிருந்தது உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். காகு அப்பாவோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்த வங்காளி, எனக்குச் சித்தப்பா முறை; காகிமா அவர் மனைவி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் என்மேல் உயிர். ஆபீஸில் எல்லோரும் அப்பாவை இரண்டு இனிஷியலால் கூப்பிடுவார்கள், காகுவும் அப்படித்தான். காகிமாவுக்கு அப்பா வெறும் தாதா, அதாவது அண்ணன். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ஆக அந்த வீட்டில் அப்பாவின் முழுப்பெயர் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அம்மாவும் நானும். அதில் அம்மா அதைச் சொல்லமாட்டாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். அதைச் சாமி மாதிரி நம்பினாள். ரேஷன் கடையில் குமாஸ்தா "வீட்டுக் கர்த்தாவின் பெயர்?" என்று கேட்டால் முழங்கையால் என்னை ஓர் இடி இடிப்பாள். நான் கணீரென்று சொல்வேன். ஓட்டுக் கணக்கெடுக்க வந்தவர், தபால்காரர், என் பள்ளிக்கூடத்து டீச்சர், யார் கேட்டாலும் இடி எனக்கு, பதில் என்னுடையது. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அம்மாவுக்குச் செய்யமுடியாத ஒன்றை நான் செய்கிறேன் என்ற திமிர்.

எனக்குப் பத்து வயது நடக்கும்போது அப்பாவுக்கும் காகுவுக்கும் ஆபீஸில் ஒரே சமயத்தில் எல்.டி.சி., ஆபீஸ் செலவில் ஊர் சுற்றும் லீவு, கிடைத்தது. எல்லோரும் புரி, காசி என்று போவார்கள். காகு எங்கேயோ ஒரு பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, சிம்லாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள், அதைத்தான் பார்க்கவேண்டும் என்று அடம் பிடித்தார். அப்பாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. கரியாஹாட் நடைபாதையில் எங்கள் மூன்று பேருக்கும் மங்கி தொப்பி வாங்கினார்கள். அதைப் போட்டதும் அப்பாவின் சோடாபுட்டிக் கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. "பாத்தா ஆளே தெரியல" என்று அம்மா சிரித்தாள்.

கால்கா மெயிலில் ஏறிய நிமிஷத்திலிருந்து காகிமா என் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டே வந்தாள். "டாண்டா லேகே ஜாபே" என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் அவள் வேறு எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. குளிர் பிடித்துவிடும், குளிர் பிடித்துவிடும். அம்மா புளிச்சோறு கட்டிய தூக்குவாளியை மடியை விட்டு இறக்கவில்லை. சிம்லாவுக்கு அப்பால் பஸ். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. டயர் வழுக்கும் இடத்தில் கண்டக்டர் இறங்கி முன்னால் நடந்தான், பஸ் அவன் பின்னால் போனது. நான் அப்பாவின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் அது கையோடு வந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. "என்னத்துக்குப் பயப்படுத, அப்பா இருக்கேம்லா" என்றார்.

அந்தக் கிராமத்தைப் பற்றி எனக்கு முதலில் நினைவு வருவது சத்தம் இல்லாதது. நாம் டிராம் மணியிலும் மீன்காரன் கூவலிலும் வளர்ந்தவர்கள். அங்கே காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. நாங்கள் தங்கிய மரவீட்டில் நடுக்கூடத்தில் இரும்பு அடுப்பு ஒன்று, அதன் குழாய் கூரையைத் துளைத்துப் போகும். அதைச் சுற்றிக் கொடி கட்டி நனைந்த சாக்ஸும் கையுறையும் தொங்கும். ஈரக் கம்பளி நாற்றமும் கமலா ஆரஞ்சுத் தோல் கருகும் வாசனையும் கலந்த அந்தக் கூடம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது. அம்மா பேனாக்கத்தியால் சுரண்டி என் தலையில் வைத்தாள்.

சறுக்கும் மேடு வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில். லிஃப்ட் ஒன்றும் கிடையாது. மரத்தால் செய்த நீளச் சறுக்குப் பலகைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும், மேலே போய்த் தோல்வாரில் காலை மாட்டிக்கொண்டு இறங்கவேண்டும். சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர்ஜி என்றார்கள். மெலிந்த மனிதர், பேச்சு குறைவு. "முட்டியை மடக்கு, கீழே பார்க்காதே" என்பார், அவ்வளவுதான். மேட்டின் இடது பக்கம் முழுக்க மூங்கில் கம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்தது. அதைத் தாண்டினால் பள்ளம். முதல் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எட்டிப் பார்த்தேன். அடி தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க நான் அம்மாவின் முந்தானையை விடவில்லை. ஆமாம், அந்தப் பனியிலும் புடவைதான், அதுக்கு மேலே அப்பாவின் பழைய கோட்டு.

அப்பாவும் காகுவும் விழுந்து விழுந்து எழுந்தார்கள். அப்பா விழும்போதெல்லாம் முதலில் கண்ணாடியைத்தான் பிடிப்பார். அது இல்லாவிட்டால் அவருக்குக் கைவிரலே தெரியாது. அம்மா கயிறு வைத்துப் பின்னால் கட்டிவிடுகிறேன் என்றாள். "நான் என்ன கிழவனா" என்று மறுத்துவிட்டார். எத்தனை சின்ன விஷயம் பாருங்கள், ஒரு முழம் கயிறு.

இரண்டாம் நாள் சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது காகு கதை சொன்னார். நிஷி என்கிற ராத்திரிப் பேயின் கதை. நம் எல்லோரையும் யாராவது ஒரு காகு இந்தக் கதை சொல்லிப் பயமுறுத்தியிருப்பார். நிஷி நமக்குத் தெரிந்தவர் குரலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் சொல்லி எழுந்து போனவன் திரும்பி வந்ததில்லை. ஆனால் நிஷியால் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடமுடியாது. அதனால் மூன்றாவது தடவை கூப்பிடும்வரை வாயைத் திறக்கக்கூடாது.

"அதுக்கு எப்படி நம்ம பேர் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

காகு கொஞ்சம் யோசித்தார். அந்த இடத்தில்தான் அவர் சொந்தமாகச் சேர்த்தார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. "வெட்டவெளியில யாராவது சத்தமா ஒரு பேரைக் கூப்பிடுவாங்க இல்ல? அதைக் கேட்டு வெச்சுக்கும்" என்றார்.

"ராத்திரிதானே வரும்?"

"இங்கே பனி இறங்கிட்டா பகல் ஏது, ராத்திரி ஏது" என்று சொல்லிவிட்டு என் மூக்கைக் கிள்ளினார். காகிமா அவரை அதட்டினாள். அப்பா சிரித்தார், ஆனால் கதையைக் கடைசிவரை கேட்டார். அம்மாவுக்கு வங்காள மொழி அவ்வளவாகப் புரியாது. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தது. அப்பாவும் காகுவும் மாஸ்டர்ஜியோடு அதுவரை போகாத உயரத்துக்கு ஏறினார்கள். நானும் அம்மாவும் காகிமாவும் மேட்டடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குக் கொல்கத்தாவிலிருந்து இன்னொரு கூட்டமும் வந்திருந்தது, மேடெங்கும் வங்காளிப் பேச்சு. மேலேயிருந்து அப்பா கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பிறகு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் மரங்கள் போயின, பிறகு மேடு போனது, பிறகு என் பூட்ஸே எனக்குத் தெரியவில்லை. மூடுபனி அவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எவ்வளவு நேரம் கழித்தோ மாஸ்டர்ஜி காகுவை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். காகு கணுக்கால் பிசகி முனகிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து வந்த ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அவர் எங்க?" என்று அம்மா கேட்டாள்.

மாஸ்டர்ஜி இந்தியில் சொன்னதை எனக்குப் புரிந்தவரை அம்மாவுக்குச் சொன்னேன். அப்பா விழுந்ததில் கண்ணாடி பனியில் போய்விட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அசையாமல் அங்கேயே உட்காருங்கள், இவரை இறக்கிவிட்டு வருகிறேன் என்று மாஸ்டர்ஜி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எங்களிடம் இதைச் சொல்லிவிட்டு உடனே மறுபடி ஏறினார். கொஞ்ச நேரத்தில் தனியாகவே இறங்கி வந்தார். உட்கார்ந்த இடத்தில் ஆள் இல்லை, கால்தடம் இடது பக்கமாகப் போகிறது, அதற்குமேல் தெரியவில்லை என்றார். இடது பக்கம் என்றதும் எனக்கு அந்தச் சிவப்புத் துணிகள் ஞாபகம் வந்தன. அம்மாவுக்கும் வந்திருக்கும். என் கையை அவள் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கும்போல் வலித்தது.

"யாரும் மேலே வரவேண்டாம். எல்லோரும் இங்கேயே நின்று கூப்பிடுங்கள். சத்தம் வரும் பக்கம் அவர் வரட்டும்" என்றார் மாஸ்டர்ஜி.

காகிமா "தாதா, தாதா" என்று கத்தினாள். பனிக்குள்ளிருந்து நாலு பக்கமும் நாலைந்து ஆண்குரல்கள் என்ன, என்ன என்று கேட்டன. எல்லாம் அந்தக் கொல்கத்தாக் கூட்டத்து ஆட்கள். மாஸ்டர்ஜி "சாப், சாப்" என்றார். அதற்கும் அவர்களேதான் பதில் சொன்னார்கள். அம்மா "ஏங்க, ஏங்க" என்றாள். நான்கு சுவருக்குள் மெல்லச் சொல்லியே பழகிய சொல், பத்தடி தாண்டியிருக்காது. காற்று வேறு அடித்தது.

மாஸ்டர்ஜி எல்லோரையும் வாயை மூடச் சொன்னார். "பெயர் என்ன? பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றார். காகிமாவுக்குப் பெயர் தெரியாது, அம்மாவைப் பார்த்தாள். அம்மா முழங்கையால் என்னை இடித்தாள்.

ரேஷன் கடையில் இடிக்கிற அதே இடி. அதே விலாவில்.

நான் வாயைத் திறக்கவில்லை. குளிரில் தாடை கட்டிப்போய்விட்டது என்று பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். காகிமா ஒரு கரண்டி பிராந்தியைத் தொண்டையில் ஊற்றினாள். பாவம் குழந்தை, அதிர்ச்சி என்றார்கள். அதெல்லாம் இல்லை. என்னால் கத்தியிருக்கமுடியும். நான்தான் கத்தவில்லை. அந்த வெள்ளைக்குள் ஏதோ ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது, நான் அப்பா பெயரைச் சொன்ன உடனே கேட்டு வைத்துக்கொள்ளும், பிறகு என் குரலிலேயே பள்ளத்துக்குள்ளிருந்து அவரைக் கூப்பிடும், அவர் போய்விடுவார். எனக்குக் கையில் தொட்டுப் பார்த்த மாதிரி இது தெரிந்தது. "அப்பா" என்றுகூடச் சொல்லவில்லை. என் குரலே அதற்குப் போய்ச் சேரக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் உப்புக் கரித்தது.

"ஏட்டி, சொல்லுட்டி" என்றாள் அம்மா. மறுபடி இடித்தாள். "உனக்குப் புண்ணியமாப் போவும், சொல்லுட்டி. என்னைச் சொல்ல வெச்சிராத."

நான் தலையை ஆட்டினேன். அம்மா என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. அவள் என் கையை விட்டாள். இரண்டடி முன்னால் போனாள். மங்கி தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டாள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவின் பெயரை, முழுப்பெயரை, கத்தினாள்.

அந்தக் குரல் எங்கள் அம்மாவுடையது என்று எனக்கே தெரியவில்லை. எங்கிருந்தும் பதில் இல்லை. இரண்டாவது தடவை கத்தினாள். பதில் இல்லை. நின்று மூச்சு வாங்கினாள். மூன்றாவது தடவை கத்தும்போது குரல் உடைந்து அழுகையாகப் போனது.

"இங்கன இருக்கேன்" என்று இடது பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. மாஸ்டர்ஜி அந்தக் குரலை நோக்கி ஓடினார்.

ஒரு மூங்கில் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருக்கிறார். கம்புக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று மாஸ்டர்ஜி எங்களிடம் சொல்லவில்லை, அப்பாவுக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டு வரும்போது புருவமெல்லாம் வெள்ளை. அம்மாவின் முகத்துக்கு வெகு அருகில் வந்துதான் அது யார் என்று தெரிந்துகொண்டார். அம்மா அவரைத் தொடவில்லை. குனிந்து தொப்பியை எடுத்துப் பனியைத் தட்டினாள்.

இருட்டுவதற்குள் அப்பா போர்வைக்குள் உட்கார்ந்து கதையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். "ஏதோ முனகுத மாதிரி கேட்டுது, காத்துன்னு நெனச்சேன். அப்புறம் எம் பேரு கேக்கு. பொம்பளக் குரலு. இந்த ஊர்ல எம் பேரு எந்தப் பொம்பளைக்குத் தெரியும்? செத்துப்போன எங்க அம்மையில்லா கூப்பிடுதான்னு நெனச்சேன். காகு சொன்னது ஞாபகம் வந்துட்டு. மூணாவது தடவை கூப்பிடட்டும்னு அசையாம நின்னேன்." காகு கட்டுப்போட்ட காலோடு விழுந்து விழுந்து சிரித்தார். தன் கதைதான் உயிரைக் காப்பாற்றியது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். அம்மா சிரிக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட வைத்ததும் அதே கதைதான் என்று அவளுக்கு எப்போது புரிந்ததோ, எனக்குத் தெரியாது.

கண்ணாடி கிடைக்கவே இல்லை. இன்னும் அந்த மலையில்தான் எங்கேயோ கிடக்கும்.

திரும்பி வந்தபின் ரேஷன் கடைக்கு நான்தான் அம்மாவோடு போனேன். குமாஸ்தா பெயர் கேட்டார். நான் காத்திருந்தேன். இடி வரவில்லை. அம்மா கார்டை நீட்டி அதில் எழுதியிருந்ததை விரலால் காட்டினாள். அதற்குப் பிறகு எங்கேயும், யார் கேட்டாலும், காகிதத்தைத்தான் நீட்டினாள். என்னிடம் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு வார்த்தை அவள் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெயரைச் சொன்ன பாவம் என்னையும் ஒட்டக்கூடாது என்று எனக்கும் சேர்த்துதான் அவள் பயந்தாளோ என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா அதற்குப்பிறகு ஐந்து வருஷம் இருந்தார். ஆபீஸில் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. டாக்டர் இதயம் என்றார். சுருட்டு, ரத்தக்கொதிப்பு, அவருடைய அப்பாவும் அப்படித்தான் போனார், காரணம் எத்தனையோ இருந்தது. நீங்கள் சிலபேர் அன்று வந்திருந்தீர்கள், என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அம்மா மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுக்கப் போன எனக்கு மட்டும் கேட்டது. "மூணு தடவை" என்றாள். யாரிடமும் இல்லை, சுவரிடம். "மூணு தடவைல்லா சொன்னேன்."

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன். பெயரைச் சொன்னால் இதயம் நிற்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த மூன்று தடவையும் நான் சொல்லியிருக்கவேண்டியது. அவள் அந்தப் பாரத்தைச் சுமந்து முப்பத்தைந்து வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. பனியில் மூடிய வாய் அது.

கடைசியில் அவளை டாலிகஞ்சில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தேன். எண்பது நெருங்கிவிட்டது. யாரையும் அடையாளம் தெரியவில்லை. என்னைக் காகிமா என்று நினைத்தாள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஃபாரம் நிரப்பும் மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த நர்ஸ் பெண் வங்காள மொழியில் அவளிடமே கேட்டாள், "மாஷிமா, உங்க கணவர் பெயர் என்ன?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையில் காகிதம் ஏதும் இல்லை. மெதுவாக முழங்கையைத் தூக்கி என் இடுப்பில் ஓர் இடி இடித்தாள்.

நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்தன. நர்ஸுக்குக் காதில் விழவில்லை, மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. அவள் எழுதிக்கொண்டாள், வேலை முடிந்தது.

அம்மா இன்னொரு தடவை இடித்தாள். யாரும் கேட்கவில்லை, நான் சொன்னேன்.